தரையிறங்க 40 நிமிடம் இருக்கும்போதே பானம் வழங்குவதை நிறுத்திவிடுவது ஏன்?

கேள்வி: சாளரத்தோரம்

வணக்கம். சென்ற மாதம் நான்கரை மணி நேர விமானப் பயணம் ஒன்றில் நிகழ்ந்ததை முன்வைத்து ஒரு சந்தேகத்தைக் கேட்க விரும்புகிறேன். பயணத்தின் பெரும்பகுதியை உறங்கிக் கழித்துவிட்டு நான் கண்விழித்தபோது, தரையிறங்க இன்னும் 41 நிமிடம் இருப்பதாக முன்னிருக்கைத் திரை காட்டியது. தொண்டை வறண்டிருந்ததால் அழைப்பு மணியை அழுத்தித் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். அதில் பாதியைக் குடிப்பதற்குள் அதே பணியாளர் குப்பைப் பையுடன் திரும்பி வந்து குவளையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தேநீர் கிடைக்குமா என்று கேட்டதற்கு, சேவை முடிந்துவிட்டது என்று பணிவாகவே பதில் சொன்னார். அதன் பிறகு சக்கரங்கள் தரையைத் தொட அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வானம் தெளிவாக இருந்தது. விமானம் சிறிதும் குலுங்கவில்லை. அந்த நேரம் முழுவதும் என் காதுகள் அடைத்துக்கொண்டு வலித்தன.

எனக்கு விளங்காதது இதுதான். இதே நிறுவனத்தின் வேறொரு விமானத்தில், தரையிறங்க 20 நிமிடம் இருக்கும்போது கூடக் குளிர்பானம் கொடுத்ததை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். பானம் வழங்குவதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி ஏதேனும் இருக்கிறதா, அல்லது அந்தந்த நாளின் பணியாளர்கள் தம் வசதிப்படி முடிவு செய்கிறார்களா? பாதிக் குவளைத் தண்ணீரால் அரை மணி நேரம் கழித்து என்ன ஆபத்து நேர்ந்துவிடும்? காதுக்காக எதையாவது விழுங்க வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்லும் அதே நேரத்தில்தான் குடிப்பதற்கு உள்ளதையும் பறித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு முரணாகப் படுகிறது. துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: முன்னாள் பர்சர்

சாளரத்தோரம் அவர்களுக்கு வணக்கம். 14 ஆண்டுகள் விமானப் பணியாளராக இருந்து, அவற்றில் கடைசி 6 ஆண்டுகள் பர்சராக, அதாவது பணியாளர் குழுவின் தலைவராகப் பொறுப்பு வகித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் குவளையை வாங்கிக்கொண்டவர் அதைத் தன் வசதிக்காகச் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அவர் ஏன் செய்தார் என்பதைச் சொல்லாமல் போனது குறைதான்.

நீங்கள் திரையில் பார்ப்பது சக்கரங்கள் தரையைத் தொடும் நேரம். நாங்கள் கணக்கிடுவது வேறு நேரத்தை. பறக்கும் உயரத்தை விட்டு விமானம் கீழே இறங்கத் தொடங்கும் புள்ளியை ‘டாப் ஆஃப் டிசென்ட்’ என்பார்கள். விமானிகளிடையே வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 1,000 அடி இறங்குவதற்கும் 3 கடல் மைல் தூரம் வேண்டும். 37,000 அடியிலிருந்து இறங்க ஏறத்தாழ 111 கடல் மைல். வேகத்தைக் குறைப்பதற்காக இன்னும் பத்துக் கடல் மைலைச் சேர்த்துக்கொண்டால் 120, அதாவது 220 கிலோமீட்டருக்கும் சற்று மேல். இதைக் கடக்க 25 முதல் 30 நிமிடம் ஆகும். ஆகவே உங்கள் திரை 41 என்று காட்டியபோது, எங்கள் கணக்கில் மீதமிருந்தது பத்துப் பன்னிரண்டு நிமிடம் மட்டுமே.

அந்தப் பத்து நிமிடத்தில் நடைபாதையில் இருக்கும் டிராலிகளை உள்ளே தள்ளிப் பூட்டியாக வேண்டும். நிறையப் பொருள் ஏற்றிய முழு அளவு டிராலி ஒன்று சுமார் 100 கிலோ எடை வரும். விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது அதன் மூக்கு இரண்டு மூன்று டிகிரி மேல்நோக்கி இருக்கும். பின்னாலிருந்து முன்னால் டிராலியைத் தள்ளும் ஒவ்வொருவரின் முதுகுக்கும் அது தெரியும். இறங்கத் தொடங்கியதும் அந்தச் சாய்வு குறைந்து, சில வேளைகளில் மூக்கு சற்றே கீழ்நோக்கியும் திரும்பும். அதுவரை ஏற்றத்தில் தள்ளிய அதே வண்டி இப்போது தானாகவே முன்னோக்கி உருளப் பார்க்கும். மிதிகட்டையில் தடை போட்டிருந்தாலும் அது நடைபாதையில் நிற்பதை எந்த பர்சரும் விரும்புவதில்லை.

விமானத்தின் சமையல் பகுதியை நாங்கள் கேல்லி என்போம். (ஓர் எழுத்து விடுபட்டால் கேலியாகிவிடும் என்பதால் கவனமாகவே எழுதுகிறேன்.) அங்கே ஒவ்வோர் அறைக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்புத் தாழ்ப்பாள்கள் இருக்கும், பல இடங்களில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். அத்தனையையும் திருகிப் பூட்டி, ஒருமுறை கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். காபிக் கூசாக்களில் மீதமுள்ளதை ஊற்றிவிட்டு அவற்றை அவற்றின் பிடிப்பில் பூட்ட வேண்டும். கைகழுவும் தொட்டியில் ஊற்றும் நீர் விமானத்தின் அடியிலுள்ள, சூடேற்றப்பட்ட ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடும். தரையில் நிற்கும்போது ஊற்றினால் கீழே வேலை செய்பவர்மீது சிந்தும் என்பதால் அந்த வேலையையும் வானிலேயே முடித்துவிடுவோம். மதுபானம் வழங்கும் பன்னாட்டுப் பயணங்களில், பல நாடுகளின் சுங்க விதிப்படி மதுபான டிராலியை எண்ணிக் கணக்கெழுதி, முத்திரையிட்டுப் பூட்ட வேண்டும். முத்திரை விழுந்த பிறகு ஒரு சிறு புட்டிக்காக அதை உடைக்க முடியாது. மதுபானம் மற்றப் பானங்களைவிட முன்னதாகவே நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை கேல்லியில் நடப்பவை. கேபினில் இருக்கை முதுகுகள், மடக்கு மேசைகள், கால்வழியில் கிடக்கும் பைகள், குழந்தைகளின் பட்டை, சாளர மறைப்புகள் என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். 180 பேர் அமரும் ஒற்றை நடைபாதை விமானத்தில் பெரும்பாலும் நாங்கள் நால்வர்தான் இருப்போம். தூங்குபவரை எழுப்ப வேண்டும். கழிப்பறையில் இருப்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். 10,000 அடியை நெருங்கும்போது இவற்றில் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம் ஆகும். அதன் பிறகு நாங்கள் ஜம்ப் சீட் எனப்படும் எங்கள் மடக்கு இருக்கையில் அமர்ந்து பட்டையை அணிந்துகொண்டு, அவசரம் நேர்ந்தால் என் கதவு எது, அதை எப்படித் திறப்பது, வெளியே தீ தெரிந்தால் பயணிகளை எந்தப் பக்கம் திருப்புவது, யாருக்குக் கைகொடுக்க வேண்டியிருக்கும் என்று மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்து சன்னலைப் பார்ப்பதாகப் பயணிகள் நினைக்கும் நேரம் இது.

உங்கள் இன்னொரு பயணத்தில் 20 நிமிடம் இருக்கும்போது குளிர்பானம் கிடைத்தது என்றீர்கள். குறுகிய தூரம் பறக்கும் விமானம் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. ஆகவே இறக்கமும் குறுகியது. அல்லது வழியில் தாமதம் ஏற்பட்டு, திரை அதைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்கலாம். விதிவிலக்காக ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கவும் கூடும். நானே கொடுத்திருக்கிறேன், ஒருமுறை அப்படிக் கொடுத்த தக்காளிச் சாறு தரையிறங்கும்போது முன்வரிசைப் பெரியவரின் வெள்ளைச் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு என் இரக்கம் குறைந்துவிட்டது.

பதில்: நடைபாதை இருக்கை

முன்னாள் பர்சர் ஐயாவின் விளக்கம் நிறைவாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழு உடன்பாடில்லை. மாதத்துக்கு நான்கைந்து முறை பறப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இறங்கத் தொடங்கிய பிறகும் குவளையைக் கையில் வைத்திருக்க விட்டார்கள். இப்போது இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒருமுறை வண்டி வருகிறது, ஒருமுறை குப்பைப் பை வருகிறது, அத்துடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. இயற்பியல் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதானே? 3 கடல் மைல் கணக்கு எல்லா விமானத்துக்கும் பொருந்தும் என்றால், ஒரு நிறுவனம் 40 நிமிடம் முன்பும் இன்னொன்று 20 நிமிடம் முன்பும் நிறுத்துவது எப்படி? பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதால், ஆட்குறைப்பையும் செலவுக் குறைப்பையும் அதன் பின்னால் மறைத்துக்கொள்கிறார்களோ என்பது என் ஐயம். இந்த நேரத்துக்கு மேல் வழங்கக் கூடாது என்று விதியில் எங்கே எழுதியிருக்கிறது என்று யாராவது காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

பதில்: உயரமானி

நடைபாதை இருக்கை அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நேரான விடையும் இருக்கிறது. இத்தனை நிமிடத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்று விதி சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதிகளின் 121.577 என்ற பிரிவைப் பார்த்தால், நிறுவனம் அளித்த உணவோ பானமோ பாத்திரமோ எந்தப் பயணியின் இருக்கையிலாவது இருக்கும் நிலையில் விமானத்தைத் தரையில் நகர்த்தவோ, மேலே எழுப்பவோ, தரையிறக்கவோ கூடாது என்றுதான் இருக்கிறது. மடக்கு மேசைகளும் டிராலிகளும் உரிய இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் வருகிறது. முதல் வகுப்பில் விமானம் நிற்கும்போதே பானம் கொடுப்பதும், நகரத் தொடங்குவதற்கு முன் கண்ணாடிக் குவளைகளை அவசரமாகத் திரும்பப் பெறுவதும் இந்த விதியால்தான். ‘நிறுவனம் அளித்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்களே கொண்டுவந்த மூடியுள்ள தண்ணீர்ப் புட்டி இந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. கேள்வி கேட்டவருக்கு இது பயன்படும்.

ஆக, விதி கேட்பது தரையிறங்கும்போது எல்லாம் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவை. அந்த முடிவை அடைய எப்போது தொடங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கையேட்டில் எழுதிக்கொள்கிறது. பணியாளர் எண்ணிக்கை, விமான வகை, பயண தூரம், முன்பு நேர்ந்த விபத்துகளில் கற்றது ஆகியவற்றைப் பொறுத்து அந்த எண் மாறுகிறது. இயற்பியல் ஒன்றுதான், எவ்வளவு இடைவெளி விட்டுக்கொள்ள வேண்டும் என்ற தீர்ப்புதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

10,000 அடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1974 செப்டம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 212ஆம் எண் விமானம், அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனிக்கிடையே தரையிறங்க முயன்று ஓடுபாதைக்கு முன்பாகவே விழுந்தது. அதிலிருந்த 82 பேரில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விமானிகள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது காக்பிட் எனப்படும் விமானிகள் அறையின் ஒலிப்பதிவில் இருந்தது. உயரத்தைக் கவனிக்கத் தவறியிருந்தார்கள். இதுவும் இதைப் போன்ற பிற நிகழ்வுகளும் சேர்ந்து 1981இல் ஒரு விதியைக் கொண்டுவந்தன. நிலையான பறப்பு நீங்கலாக, 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் பாதுகாப்புக்குத் தேவையற்ற எந்தச் செயலிலும் ஈடுபடக் கூடாது. அந்த விதி தடுக்கும் செயல்களின் பட்டியலில் சாப்பிடுவதும், கேல்லிக்கு வேண்டிய பொருட்களை வானொலியில் கேட்டுப் பெறுவதும், கேபின் பணியாளர்களுடன் அவசியமற்ற பேச்சு வைத்துக்கொள்வதும் இருக்கின்றன. விதி காக்பிட்டுக்காக எழுதப்பட்டது. ஆனால் காக்பிட் வாய்மூடும் அந்த உயரமே கேபினுக்கும் ஒரு மணியோசையாகிவிட்டது. பல நிறுவனங்களில் 10,000 அடியைக் கடக்கும்போது பணியாளர்களுக்கு உண்மையிலேயே ஒரு மணி ஒலிக்கும்.

இப்போது, சில ஆண்டுகளாகச் சேவை முன்கூட்டியே நிற்கிறது என்ற கவனிப்புக்கு வருகிறேன். அது கற்பனையல்ல. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2024 டிசம்பர் 4 முதல், 10,000 அடியில் முடித்துக்கொண்டிருந்த கேபின் சேவையை 18,000 அடியிலேயே முடிக்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 அடி இறங்கும் விமானத்தில் இந்த 8,000 அடி என்பது நான்கைந்து நிமிட வித்தியாசம். பயணிக்கு அது பெரிதாகத் தெரியாது. நடைபாதையில் நிற்கும் பணியாளருக்குப் பெரிது. கொரியன் ஏர் அதே ஆண்டு ஜூலை முதல், நடுத்தர, நெடுந்தூரப் பயணங்களில் தரையிறங்குவதற்கு 20 நிமிடம் முன்பு முடித்த சேவையை 40 நிமிடம் முன்பு முடிக்கும்படி மாற்றியது. இரண்டு நிறுவனங்களும் சொன்ன காரணம் ஒன்றே: இறக்கத்தின்போது நேரும் காற்றுக் கொந்தளிப்பில் பணியாளர்கள் காயமடைவது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2009 முதல் 2018 வரை அந்நாட்டின் பெரிய பயணிகள் விமானச் சேவைகளில் பதிவான விபத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை கொந்தளிப்பால் நேர்ந்தவை. அவற்றில் பலத்த காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் பயணிகளல்லர், பணியாளர்கள். பட்டையணிந்து அமர்ந்திருப்பவருக்குத் தூக்கிவாரிப்போடுவதோடு முடிந்துவிடும். நின்றுகொண்டிருப்பவர் கூரையில் மோதுவார், அல்லது 100 கிலோ வண்டி அவர் கணுக்கால்மேல் விழும்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்பரப்பில் கடும் கொந்தளிப்பில் சிக்கி ஒருவர் உயிரிழந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். அது இறக்கத்தில் நிகழவில்லை. 37,000 அடியில், காலை உணவு வழங்கிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தது. ஆயினும் அதன் பிறகு அந்நிறுவனம், இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமன்றி உணவு வழங்குவதையும் நிறுத்திக்கொண்டது. சேவையை எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை மற்ற நிறுவனங்களும் புதிதாக எடுத்துப் பார்க்க அது தூண்டுகோலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆட்குறைப்பு என்ற ஐயத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. 180 பேருக்கு நால்வர் என்பது, 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்ற குறைந்தபட்ச விதியை ஒட்டி வருவது. இன்னும் இருவர் கூடுதலாக இருந்தால் அதே வேலை விரைவில் முடியும். உங்கள் குவளை ஐந்து நிமிடம் கூடுதலாக உங்களிடம் இருக்கும். ஒரு மணி நேரப் பயணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏற 20 நிமிடமும் இறங்க 25 நிமிடமும் போக, இடையில் நிற்பது 15 நிமிடம். இரண்டு வண்டிகள், வண்டிக்கு 90 பேர், ஒருவருக்கு 20 நொடி என்றாலும் 30 நிமிடம் வேண்டும். அதனால்தான் பல குறுகிய பயணங்களில் வண்டியை விட்டுவிட்டுத் தட்டில் வைத்துத் தண்ணீர் மட்டும் தருகிறார்கள்.

பாதிக் குவளைத் தண்ணீரால் என்ன ஆபத்து என்றும் சாளரத்தோரம் அவர்கள் கேட்டிருந்தார். தண்ணீரால் ஆபத்தில்லை; தண்ணீர் இருந்தால் மேசை விரிந்திருக்கும், அதுதான் ஆபத்து. புதிய விமான வகை ஒன்றுக்குச் சான்றளிக்கும்போது, பாதி வெளிவழிகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று தயாரிப்பு நிறுவனம் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் விரிந்த மேசைக்கு இடமில்லை. சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் வெளியேற, நடுவில் இருப்பவரின் மேசையும் மடங்கியிருக்க வேண்டும். டிராலி நிற்கும் கேல்லியோ இன்னும் கடுமையான கணக்கு: அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கி 9 மடங்கு புவியீர்ப்பு விசையைத் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். 100 கிலோ வண்டி அந்த நொடியில் 900 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். தாழ்ப்பாள் பாதி திருகியிருந்தால் அது தாழ்ப்பாளே இல்லை.

பதில்: செவிமடல்

நான் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மற்றவர்கள் வண்டியைப் பற்றியும் விதியைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டதால் காதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உயரே பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையின்மேல் நிற்பதற்குச் சமம். விமானம் இறங்கும்போது கேபின் அழுத்தமும் படிப்படியாகக் கூடிக்கொண்டே வரும். உயரத்தில் குடித்துவிட்டு மூடி போட்டு வைத்த மெல்லிய பிளாஸ்டிக் புட்டி, தரையிறங்கும்போது தானாக நசுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியும் அந்தப் புட்டியைப் போலத்தான். அதற்குள் காற்று போய்ச்சேர இருக்கும் ஒரே வழி, நடுச்செவியை மூக்கின் பின்பகுதியோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய். விமானம் ஏறும்போது நடுச்செவியிலிருந்து காற்று அந்தக் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படித் தானாக உள்ளே நுழையாது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் இழுத்துத் திறந்தால்தான் நுழையும். ஏறும்போது வலிக்காத காது இறங்கும்போது வலிப்பது இதனால்தான்.

நேரமும் இங்கே முக்கியம். உள்ளும் புறமும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டிவிட்டால் குழாய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு விழுங்கினாலும் தசைகளால் அதைத் திறக்க இயலாது. எனவே வலி தொடங்கிய பிறகு தண்ணீர் தேடுவது பெரும்பாலும் காலங்கடந்த முயற்சி. விமானம் இறங்கத் தொடங்கிய உடனே, சில நிமிடத்துக்கு ஒருமுறை விழுங்கிக்கொண்டே வர வேண்டும். நீங்கள் உறங்கி எழுந்த நேரத்தைச் சொன்னீர்கள். அது நல்ல நேரந்தான். பத்து நிமிடம் பிந்தி எழுந்திருந்தால் இறக்கம் தொடங்கியிருக்கும். உறக்கத்தில் நாம் விழுங்குவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், இறக்கத்தில் உறங்குபவர்களே பெரும்பாலும் காது அடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

விழுங்குவதற்குக் குவளை நிறையத் தண்ணீர் தேவையில்லை. உமிழ்நீரே போதும், ஆனால் கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பதால் வாய் வறண்டுவிடுகிறது. ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம், சுயிங்கம் மெல்லலாம், மூடியுள்ள சொந்தப் புட்டியிலிருந்து மிடறு மிடறாகக் குடிக்கலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதையோ சூப்பான் கொடுப்பதையோ இறக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதலாம். பலமாக ஊதினால் செவிப்பறைக்குக் கேடு. கடுமையான சளியோடு பறக்க நேர்ந்தால் புறப்படுவதற்கு முன் மருத்துவரைக் கண்டு, மூக்கடைப்பு நீக்கும் மருந்து உங்களுக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரையிறங்கி இரண்டு மூன்று நாளாகியும் அடைப்பு நீங்காவிட்டால், அல்லது காதிலிருந்து நீரோ இரத்தமோ வந்தால், காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி: சாளரத்தோரம்

அனைவருக்கும் நன்றி. நான் தவறான கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது. செவிமடல் அவர்கள் சொன்ன நசுங்கிய புட்டி என் பையிலேயே இருந்தது. அதன் காரணத்தை நான் யோசித்ததே இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, ஓடுபாதையில் நெரிசல் என்று சொல்லி விமானத்தை அரை மணி நேரம் வானிலேயே சுற்றவிடுகிறார்கள் அல்லவா? அப்போது யாராவது தண்ணீர் கேட்டால் தருவீர்களா?

மறுமொழி: முன்னாள் பர்சர்

சூழ்நிலையைப் பொறுத்தது. காத்திருப்பு வட்டம் ஒன்றைச் சுற்றி வர, தாழ்ந்த உயரங்களில் சுமார் 4 நிமிடம் ஆகும். எத்தனை வட்டம் என்பது பல வேளைகளில் விமானிக்கே முன்கூட்டித் தெரியாது. ஐந்தாவது வட்டத்தில் இருக்கும்போது திடீரென்று வரிசை கிடைத்துவிட்டால், அங்கிருந்து தரைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். எனவே பூட்டிய டிராலியை மறுபடி வெளியே எடுக்கவே மாட்டோம். ஆனால் காத்திருப்பு நீளும் என்று விமானி உறுதியாகச் சொல்லி, நாங்கள் எழுந்து நடக்கவும் அனுமதித்தால், கேட்டவருக்கு மட்டும் கையில் சிறு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்று குவளையை வாங்கிக்கொண்டு வருவோம். மாத்திரை விழுங்க வேண்டியவர், குழந்தை வைத்திருப்பவர், மயக்கம் வருவதாகச் சொல்பவர் ஆகியோருக்கு 10,000 அடிக்கு மேலே இருக்கும்வரை நான் மறுத்ததில்லை. சூடான பானம் மட்டும் யாருக்கும் கிடையாது.

மறுமொழி: நடைபாதை இருக்கை

விதியில் நிமிடக் கணக்கு இல்லை என்பதை உயரமானி அவர்களே ஒப்புக்கொண்டதால் என் ஐயத்தில் பாதி சரி என்று எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இது கடைசிச் சுற்று, இதன் பிறகு எதுவும் கிடையாது என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்வதற்கு எந்தத் தாழ்ப்பாளையும் திறக்க வேண்டியதில்லையே? அதை ஏன் செய்வதில்லை?

மறுமொழி: முன்னாள் பர்சர்

இதில் உங்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். இருக்கையை நிமிர்த்துங்கள், மேசையை மடக்குங்கள் என்ற அறிவிப்பு கட்டாயமானது; கடைசிப் பானம் பற்றிய அறிவிப்பு நான் பணியாற்றிய இடத்தில் பர்சரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. இரவுப் பயணத்தில் அறிவித்தால் உறங்குபவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று பலரும் தயங்குவார்கள். நான் தரையிறங்குவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிவிட்டு, விளக்கைச் சற்றே கூட்டிவைப்பேன். அறிவித்த ஐந்தாவது நிமிடம் இருபது அழைப்பு மணிகள் ஒன்றாக எரியும். சக பணியாளர்கள் என்னை முறைப்பார்கள். இறங்கும்போது குவளையைக் கேட்டு யாரோடும் வாதாட வேண்டியிராது என்பதால் அந்த முறைப்பைப் பொறுத்துக்கொண்டேன். உங்கள் பயணத்தில் அறிவிப்பு வராது என்று தோன்றினால், விமானம் ஏறியதுமே உங்கள் பகுதிப் பணியாளரிடம், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எழுப்பிவிடுமாறு சொல்லி வையுங்கள். இருக்கை எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி கேல்லிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.